தியாகராஜராக வந்தவர்... ராமதாசராக வாழ்ந்தவர்!

புஷ்ய பகுள பஞ்சமி. திருவையாறு காவிரிக் கரையில் சங்கீத வித்வான்கள் வரிசை வரிசையாக அமர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். ஸ்ரீதியாகராஜ ஸ்வாமிகள் சித்தியடைந்த அந்தத் திருநாளில், பாடத் தெரியாதவர்களின் உதடுகளும் சேர்ந்து அசையும்.

ஸ்வாமிகள் 1847-ல் இறைவனடி சேர்ந்தவர். அவரை நேரில் தரிசிக்கும் பாக்கியம் நமக்கில்லை. ஆனால், நம் பாட்டி காலத்தவர்களுக்குத் தியாகராஜர் என்றதும் மனதில் ஒரு முகம் வந்து நின்றது. சாந்தமான கண்கள், கனிந்த முகம், ராமா என்று அழைக்கும்போதே உருகிவிடும் குரல். அது ஒரு நடிகரின் முகம்!

ஆம், 1946-ல் வெளியான 'தியாகய்யா' என்ற தெலுங்குப் படத்தில் ஸ்வாமிகளாக வாழ்ந்து காட்டிய சித்தூர் வி. நாகையாதான் அவர். தமிழ் ரசிகர்களுக்கும் நன்கு தெரிந்தவர். அரசனாக, தேசபக்தனாக, குடும்பத்தை மறந்த கணவனாக, திருடனாக, முனிவராக, பாசமுள்ள தந்தையாக அவர் ஏற்காத வேடமே இல்லை எனலாம். இத்தனை வேடங்களில் ஒன்று மட்டும் ஒப்பனையைக் கலைத்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. அது எது? அதனால் அவர் பெற்றது என்ன, இழந்தது என்ன? பார்ப்போமா?

சித்தூர் தந்த பெயர்

ஆந்திராவில், அன்றைய குண்டூர் மாவட்டத்தில் ரெண்டசிந்தலா என்றோர் ஊர். 1904-ம் ஆண்டு மார்ச் 28-ம் தேதி அங்கேதான் நாகையா பிறந்தார். ஆனால், அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது சித்தூர். காணிப்பாக்கம் விநாயகரைத் தரிசிக்கப் போகிறவர்களுக்குப் பழக்கமான அதே சித்தூர்தான்! அந்த நாளில் அது சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர். தமிழும் தெலுங்கும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்போல் கலந்து பழகிய இடம்.

அங்கே ஸ்ரீராம விலாச சபா என்ற நாடக சபை புகழோடு விளங்கியது. நாகையாவின் கலை வாழ்க்கை அந்த மேடையில்தான் மலர்ந்தது. நாடகத்தில் பெண்கள் நடிக்க வராத காலம். நல்ல குரலும் களையான முகமும் கொண்ட இளைஞர்களே பெண் வேடம் ஏற்றார்கள். நாகையாவும் ஏற்றார். சங்கீதத்தை முறையாகக் கற்ற அவர், வார்த்தையின் பொருள் கேட்பவர் மனதில் இறங்கும்படி பாடுவார். பின்னாளில் அவருக்குத் துணை நின்றது இந்தப் பயிற்சியே.

1938-ல் வந்த 'கிருஹலக்ஷ்மி' அவருக்கு முதல் படம். அதில் அவர் கதாநாயகர் அல்லர். ஆனாலும், மதுவின் தீமையைச் சொல்லி அவர் பாடிய பாட்டு ஊரெங்கும் பரவியது. குடியால் தாலிச்சரடு வரை இழந்த குடும்பங்கள் நிறைந்த காலமல்லவா? அந்தப் பாட்டு பெண்களின் மனதைத் தொட்டதில் வியப்பில்லை.

தவறு செய்தான்... திருந்தினான்!

அடுத்த ஆண்டே நல்ல காலம் பிறந்தது. பி.என். ரெட்டியின் வாஹினி நிறுவனம் 1939-ல் எடுத்த 'வந்தே மாதரம்' படத்தில் நாகையாதான் நாயகன். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் திண்டாடும் இளைஞன் வேடம். வரதட்சணை, மாமியார் கொடுமை என்று அன்றைய வீடுகளின் கண்ணீரைச் சொன்ன கதை. இசையமைப்பும் நாகையாவே!

1941-ல் 'தேவதா'. வீட்டுக்கு வேலைக்கு வந்த ஏழைப் பெண்ணின் வாழ்வைக் கெடுத்துவிட்டு, பிறகு மனம் வருந்தித் தவிக்கும் பணக்கார வாலிபன் வேடம். 1945-ல் 'ஸ்வர்க்க ஸீமா'. அன்பான மனைவியை மறந்து, நாடகக்காரி ஒருத்தியின் மோகத்தில் விழும் பத்திரிகை ஆசிரியர் வேடம். அந்த நாடகக்காரியாக வந்து தெலுங்கு தேசத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் பானுமதி. பிற்காலத்தில் பெரும் பாடகராக விளங்கிய கண்டசாலா, திரையில் பின்னணி பாடத் தொடங்கியதும் இந்தப் படத்தில்தான்.

கவனித்தீர்களா? பின்னாளில் மகான்களாகத் தோன்றப்போகும் ஒருவர், அதே காலகட்டத்தில் தடம் புரண்ட கணவனாகவும் நடிக்கிறார்! பார்த்த பெண்கள் அவரை வெறுக்கவில்லை. காரணம், அவர் அந்தப் பாத்திரங்களைக் கெட்டவர்களாகக் காட்டவில்லை, பலவீனமானவர்களாகக் காட்டினார். தவறிய மனிதனுக்குத் திரும்பி வர ஒரு வாசல் உண்டு என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது.

தமிழுக்கு வந்தபோதும் இதே கதைதான். 1941-ல் 'அசோக்குமார்'. எம்.கே. தியாகராஜ பாகவதர் இளவரசன் குணாளன். அவனுடைய தந்தை அசோகச் சக்கரவர்த்தியாக நாகையா. சிற்றன்னையின் சூழ்ச்சியால் மகன் கண்ணிழக்கிறான். உண்மை தெரிந்தபோது துடிக்கும் தகப்பனின் வேதனையைத் தமிழ் ரசிகர்கள் நாகையாவிடம் கண்டார்கள்.

1945-ல் 'மீரா'. எம்.எஸ். சுப்புலட்சுமி மீராவாகவே மாறிய அந்தப் படத்தில், நாகையா மேவார் ராணா. மனைவியின் கிருஷ்ண பக்தியைப் புரிந்துகொள்ளாத கணவன்! கோபம், சந்தேகம், பிறகு காலம் கடந்து வரும் தெளிவு. பக்தையாக நடிப்பவருக்குப் பாட்டு துணை வரும். பக்தியைப் புரிந்துகொள்ளாதவராக நடிப்பவருக்கு எந்தத் துணையும் கிடையாது. அவர் மேல் நமக்கு வெறுப்பும் வரக் கூடாது. அந்தக் கத்திமுனை நடையை நாகையா அழகாக நடந்து காட்டினார்.

மூன்று மகான்கள், ஒரே சோதனை

இனி, பக்தர்கள் அவரைத் தங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்ட படங்களுக்கு வருவோம்.

1943-ல் வெளியானது 'பக்த போதனா'. இயக்கியவர் கே.வி. ரெட்டி. பாகவதத்தைத் தெலுங்கில் பாடிய பம்மெர போதனாவின் சரிதம் அது. ஏர் பிடித்து உழுது வாழ்ந்த ஏழைக் கவிஞர் போதனா. நூலை அரசனுக்கு அர்ப்பணித்தால் பொன்னும் பொருளும் குவியும். வீட்டில் வறுமையோ வாட்டுகிறது. ஆனாலும், ராமபிரானுக்கு உரியதை மனிதனுக்குத் தர மாட்டேன் என்று உறுதியாக நின்றார் போதனா. அந்த உறுதியைக் குரலை உயர்த்தாமல், கண்களின் அமைதியாலேயே காட்டினார் நாகையா.

அடுத்து, 1946-ல் 'தியாகய்யா'. தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு எல்லாமே நாகையா! தஞ்சை சரபோஜி மன்னரின் அழைப்பையும் காணிக்கையையும் மறுத்து, அந்த வேளையில் கல்யாணி ராகத்தில் ஸ்வாமிகள் கீர்த்தனை பாடிய நிகழ்ச்சி நாம் எல்லோரும் அறிந்தது. கோபம் கொண்ட தமையனார் ராம விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்ததும், ஸ்வாமிகள் அழுது அரற்றித் தேடி, மீண்டும் அதைக் கண்டெடுத்ததும் கதை கதையாகச் சொல்லப்படுபவை. தெலுங்குப் படம்தான். ஆனால், காவிரிக் கரையில் நடந்த கதை அல்லவா? கீர்த்தனைகள் ஏற்கெனவே நம் வீட்டுக் கூடங்களில் ஒலித்தவை அல்லவா? அதனால் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கும் அது சொந்தப் படமானது.

1947-ல் 'யோகி வேமனா'. மீண்டும் கே.வி. ரெட்டி இயக்கம். இரும்பைப் பொன்னாக்கும் வித்தையைத் தேடி அலைகிறான் வேமனா. அவன் உயிருக்குயிராக நேசிப்பது அண்ணன் மகளான சின்னஞ்சிறு குழந்தையை. பொன் செய்யும் ரகசியம் கைகூடி வீட்டுக்கு ஓடிவருகிறான். அங்கே குழந்தை உயிரோடு இல்லை! கையில் பொன் இருக்கிறது. கொஞ்ச வேண்டிய குழந்தை போய்விட்டது. அந்த நொடியில் போகி யோகியாகிறான்.

அரசன் தந்த பொன்னை மறுத்தவர் ஒருவர். மன்னரின் காணிக்கையை மறுத்தவர் இன்னொருவர். தானே செய்த பொன்னை வெறுத்தவர் மற்றொருவர். மூவருக்கும் வந்த சோதனை ஒன்றுதான்: பணம்! மூவராகவும் நின்று அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்ப நடித்தவர் நாகையா. தொடர்ந்து நடித்து நடித்து அது அவருடைய சுபாவமாகவே ஆகிவிட்டதோ, அல்லது அவருடைய சுபாவம்தான் அந்த வேடங்களைத் தேடிப் பிடித்ததோ, யார் சொல்ல முடியும்?

இல்லை என்று சொல்லத் தெரியாதவர்

அன்றைய தென்னாட்டுத் திரையுலகில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர்களில் ஒருவர் நாகையா. செல்வம் வந்தது. வந்த வேகத்திலேயே போகவும் செய்தது.

சென்னையில் அவர் வீட்டுக் கதவு யாருக்கும் அடைத்ததில்லை என்று அவரை அறிந்தவர்கள் சொல்லி வந்தார்கள். வாய்ப்புத் தேடி ஊரிலிருந்து வந்தவர்கள், நலிந்த கலைஞர்கள், கல்யாணச் செலவுக்கு உதவி கேட்டு வந்தவர்கள்... எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. போகும்போது கையில் பணமும் உண்டு. கேட்டவர் உண்மையில் ஏழைதானா என்று அவர் விசாரித்ததில்லை. இல்லை என்ற சொல்லை அவர் நாக்கு பழகவே இல்லை. அவருடைய இளகிய மனதைத் தெரிந்துகொண்டு ஏமாற்றியவர்களும் உண்டு. தெரிந்தே கொடுத்தார் என்றுதான் பலரும் எண்ணினார்கள்.

இதற்கிடையே, 1950-ல் தமிழில் அவருக்கு மகுடம் சூட்டிய படம் 'ஏழை படும் பாடு'. விக்டர் ஹ்யூகோ என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் இதே தலைப்பில் தமிழாக்கம் செய்திருந்தார். கே. ராம்நாத் இயக்கத்தில் அதுவே படமானது. பசிக்காகத் திருடிச் சிறை சென்ற கந்தன், வெளியே வந்து, அடைக்கலம் தந்த பெரியவர் வீட்டிலேயே வெள்ளிச் சாமான்களைத் திருடுகிறான். போலீஸ் பிடித்து வருகிறது. அந்தப் பெரியவரோ, நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிக் காப்பாற்றுகிறார். அந்த ஒரு கருணை, திருடனை தர்மவானாக்குகிறது. கந்தனாக நாகையா, அவரை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரியாக சீதாராமன். அந்தப் பாத்திரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, கடைசிவரை அவர் 'ஜாவர்' சீதாராமன்!

1953-ல் 'என் வீடு' படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் தாமே தயாரித்து இயக்கினார் நாகையா. சொந்தப் படம் எடுப்பது அந்த நாளிலும் பெரிய சூதாட்டம்தான். ஒரு கையால் படத்துக்கும், மறு கையால் கேட்டவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால் பெட்டி எப்படி நிறையும்?

தந்தையாக ஓர் இரண்டாம் வாழ்வு

நாயகன் வேடங்கள் குறைந்த பிறகு, நாகையா அப்பாவானார். 1958-ல் வந்த 'சம்பூர்ண ராமாயணம்' நினைவிருக்கிறதா? என்.டி. ராமராவ் ராமர், சிவாஜி கணேசன் பரதன். ராமனைப் பிரிந்து உயிர் விடும் தசரதன், நம் நாகையா!

1961-ல் 'பாவ மன்னிப்பு'. கைவிடப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து, ரஹீம் என்று பெயரிட்டு வளர்க்கும் இஸ்மாயிலாக வந்தார். தியாகராஜராக நின்று ராம நாமம் பாடியவர், இஸ்லாமியப் பெரியவராக வந்தபோது பார்த்தவர்களுக்கு எந்த உறுத்தலும் ஏற்படவில்லை. அன்பு பொங்கும் முகத்துக்கு எந்த மார்க்கத்து உடையும் பொருந்தும் போலும்.

1963-ல் 'லவகுசா'. கர்ப்பிணியாகக் காட்டில் விடப்பட்ட சீதைக்கு ஆசிரமத்தில் அடைக்கலம் தரும் வால்மீகி அவர். மகளாகப் பாவித்துத் தாங்கும் அந்தக் கனிவைப் பார்த்துப் பெண்கள் கண்ணீர் விட்டார்கள். வழிப்பறி செய்தவர் முனிவரானார் என்பது வால்மீகியைப் பற்றிய கதை. திருடன் கந்தனாக நடித்தவருக்கே அந்த வேடமும் வாய்த்தது பொருத்தம்தானே!

பத்ராசலத்துக்குப் போன பணம்

நாகையாவின் மனதில் நெடுநாளாக ஓர் ஆசை. பத்ராசலம் ராமதாசரின் சரிதத்தைப் படமாக்க வேண்டும்!

கோல்கொண்டா தானீஷாவின் ஆட்சியில் தாசில்தாராக இருந்தவர் கோபன்னா. வசூலான வரிப் பணத்தை எடுத்து பத்ராசலத்தில் ராமருக்குக் கோயில் கட்டினார்; நகைகள் செய்து பூட்டினார். கணக்குக் கேட்ட அரசு அவரைப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் அடைத்தது. வாடி வதங்கி, ராமனைத் திட்டியும் கெஞ்சியும் அவர் பாடிய பாடல்கள் இன்றும் பஜனைகளில் ஒலிக்கின்றன. கடைசியில் ராமலட்சுமணர்களே வந்து ஆறு லட்சம் பொற்காசுகளைக் கட்டி மீட்டார்கள் என்பது ஐதிகம். இந்த ராமதாசரைத் தியாகராஜ ஸ்வாமிகள் தம் 'பிரகலாத பக்தி விஜய'த்தில் வணங்கியிருக்கிறார். போதனாவின் பாகவதம் ஸ்வாமிகள் போற்றிப் படித்த நூல். ஆக, போதனா, ராமதாசர், தியாகராஜர் என்று ஒரு பக்தி மாலை. அதில் போதனாவாகவும் தியாகராஜராகவும் நடித்தாயிற்று. நடுமணி மட்டும் பாக்கி.

கையில் பணம் குறைந்துவிட்ட காலம் அது. ஆனாலும் துணிந்தார். தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே ராமதாசராக நடித்தார். 1964-ல் 'பக்த ராமதாசு' வெளிவந்தபோது நாகையாவுக்கு அறுபது வயது. பக்தர்கள் போற்றினார்கள். ஆனால், போட்ட பணம் திரும்பவில்லை. கோபன்னாவின் கடனை அடைக்க ராமலட்சுமணர் வந்தார்கள். நாகையாவின் கடனை அடைக்க யாரும் வரவில்லை.

1965-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. சிவாஜி கணேசனுக்கே அடுத்த ஆண்டில்தான் அந்த விருது கிடைத்தது என்றால், நாகையாவுக்கு இருந்த மதிப்பு புரியும். ஆனால், விருது அடுப்பை எரிய வைக்காதே! வயதான காலத்தில் சின்னச் சின்ன வேடங்களுக்கும் அவர் போய் வர வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அவர் பெயருக்காகவே படம் ஓடியது. இப்போது ஒன்றிரண்டு காட்சிகளில் தலைகாட்டும் தாத்தா. அந்த ஒன்றிரண்டு காட்சிகளிலும் அவர் குறை வைக்கவில்லை என்பதுதான் அவர் பெருமை. 1973-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி சென்னையில் அவர் மறைந்தார். பெரிதாகச் சொத்து எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

மாதக் கடைசியில் மளிகைக் கணக்கை நேர்செய்யத் தெரிந்த நமக்கு இங்கே ஒரு கேள்வி எழும். கொடுப்பது புண்ணியம், சரி. ஆனால், இப்படிக் கையிருப்பு கரையும்வரை கொடுக்கலாமா? வள்ளுவர் ஈகைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அவரேதான், வலியறிதல் அதிகாரத்தில், தன் பொருளின் அளவை அறிந்து கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சரபோஜியின் செல்வத்தை ஸ்வாமிகள் மறுத்தபோது, மறுநாள் சமையலுக்கு என்ன வழி என்று யோசித்திருக்கக்கூடியவர் அவர் தர்மபத்தினி கமலாம்பாள்தான். உஞ்சவிருத்தியில் கிடைத்த அரிசியைக் களைந்து, பகவானுக்கு நைவேத்தியமும், வந்த சீடர்களுக்கு அன்னமும் ஆக்கிய கைகள் பெண்ணின் கைகள். கோபன்னா சிறையிலிருந்த பன்னிரண்டு வருடமும் வீட்டைக் காத்தவளும் ஒரு பெண்தான். மகான்களின் வைராக்கியத்துக்குப் பின்னால் ஓர் அடுக்களையின் பொறுமை இருக்கிறது. கதைகள் அதை அதிகம் பேசுவதில்லை.

ஆகவே, நாகையாவைப்போல் கொடுங்கள் என்று இல்லறத்தாரிடம் சொல்லிவிட முடியாது. பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியவர்களின் மருந்துக்கும் எடுத்து வைப்பதும் தர்மமே. ஆனால், அவர் கதையைப் படித்த பிறகு, வாசலில் வந்து நிற்பவரிடம் இல்லை என்று சொல்லும்முன் நம் நாக்கு ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடித் தயக்கம் போதும். அதற்குள் கை தானாகவே அரிசிப் பானைப் பக்கம் போய்விடும்.

நாகையாவிடம் அன்பு கொண்டவர்கள் சென்னை தியாகராய நகரின் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சுற்றிலும் எத்தனை நகைக் கடைகள், எத்தனை பட்டுப் புடவைக் கடைகள்! பொன்னை மறுத்த மகான்களாக நடித்து, தம் கைப் பொன்னையும் தக்கவைத்துக்கொள்ளாத மனிதருக்கு, பொன் விற்கும் கடைவீதியின் நடுவில் இடம் கிடைத்தது. அந்த ராமபிரானின் விளையாட்டை என்னவென்று சொல்வது!